பழைய ராணுவ உடுப்பின் வயது என்ன?

பட்டாளத்து உடுப்பில் செய்யும் சின்ன மாற்றமும் சரித்திரம்தான். 1806 ஜூலை 10 அன்று வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்ததற்குப் புதிய தலைப்பாகையும் அதில் வைத்த தோல் சின்னமும் ஒரு காரணம்.

சோளிங்கர், வேலூர் பக்கத்து வீடுகளில் பழைய அதிகாரி உடுப்பு கிடைத்தால் முதலில் தோள்பட்டையைப் பார்க்க வேண்டும். மேஜர் தோளில் கிரீடம் இருந்தால் அது 1950 ஜனவரி 26-க்கு முந்தையது. அசோகச் சிங்கம் இருந்தால் பிந்தையது. சோவியத் உடுப்புக்கும் இதே வழிதான். பதவிச் சின்னம் காலரில் இருந்தால் 1943-க்கு முந்தையது. தோள்பட்டைச் சின்னம் அந்த ஆண்டு ஜனவரியில்தான் வந்தது.

ஆனால் ஒன்று. சிங்கத்துக்கு அடியில் வேறு பழைய துளைகள் தெரிந்தால், கோட்டு கிரீடக் காலத்தில் தைத்ததாக இருக்கலாம். சின்னம் கடைசியாக அணிந்த காலத்தைத்தான் சொல்லும். அழகுக்காக அதை மாற்றிக் குத்திவிட்டால் அந்தச் சாட்சியும் போய்விடும்.