கூலி

எழும்பூர் ஸ்டேஷனில் ஒரு நாள் இரண்டு பெட்டிகளோடு இறங்கி, வழக்கம்போல் "கூலி!" என்று குரல் கொடுத்தேன். நரைத்த மீசைக்காரர் ஒருவர் வந்தார். பெட்டியைத் தலையில் ஏற்றிக்கொண்டே, "கூலி அப்புறம் பேசிக்கலாம் சார். எம் பேரு கூலி இல்லே" என்றார். அவர் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கூலி என்பது உழைத்தவன் கைக்கு வருவது. முயற்சிக்குக் கிடைக்கும் பலனையே வள்ளுவர் கூலி என்கிறார். அத்தனை கௌரவமான சொல், ஆளையே குறிக்கும் பெயராக மாறியது எப்படி?

அகராதிக்காரர்களின் வழக்கு இன்னும் தீரவில்லை. 1886இல் வெளியான 'ஹாப்ஸன் ஜாப்ஸன்' என்னும் ஆங்கிலோ இந்தியச் சொற்களின் அகராதி, மேற்கிந்தியாவின் 'கோலி' என்ற ஜாதிப் பெயரே மூலம் என்ற பக்கம் சாய்கிறது; ஆனால் தமிழ்க் கூலி குறுக்கே நிற்பதையும் ஒப்புக்கொள்கிறது. இரண்டு ஓடைகளும் துறைமுகங்களில் கலந்துவிட்டன என்றே எனக்குத் தோன்றுகிறது.

மூலம் எதுவானாலும், அந்தச் சொல்லைக் கடல் கடத்தியது கரும்பு. பிரிட்டிஷ் குடியேற்றங்களில் அடிமை முறையை ஒழிக்க 1833இல் சட்டம் வந்தது. தோட்டங்களுக்கு ஆள் வேண்டுமே! 1834 முதல் மொரீஷியஸுக்கு ஒப்பந்த ஆட்கள் போனார்கள். 1860 நவம்பர் 16ஆம் தேதி, சென்னையிலிருந்து புறப்பட்ட 'ட்ரூரோ' கப்பல் நேட்டாலின் டர்பனை அடைந்தது. அதில் போனவர்கள் கூலிக்காகப் போனார்கள். இறங்கியதும் அவர்களே 'கூலி' ஆனார்கள். பிறகு அங்கே எந்த இந்தியனும் கூலிதான். கடை வைத்தவர் கூலி வியாபாரி; 1893இல் போய் இறங்கிய காந்திஜி 'கூலி பாரிஸ்டர்'. நம்மவர் பெயர்களின் கடைசியில் வரும் 'சாமி'யையும் வெள்ளையர் ஏளனப் பெயராக்கிக் கொண்டார்கள். 'சாமி' என்றால் எஜமான் என்று அர்த்தமாயிற்றே என்று பதிலடி கொடுத்தவர்கள் உண்டு என்று காந்திஜி தம் சுயசரிதையில் எழுதுகிறார்.

சீனர்கள் இந்தச் சொல்லைத் தங்கள் எழுத்தில் 'குலி' என்று எழுதினார்கள். 'கு' என்றால் கசப்பு; 'லி' என்றால் வலிமை. ஓசைக்காகத் தேர்ந்தெடுத்த எழுத்துக்கள்தான். ஆனால் கியூபாவுக்கும் பெருவுக்கும் கப்பலேற்றப்பட்ட சீனத் தொழிலாளிக்கு எவ்வளவு பொருத்தம்!

கப்பலேறிய சொல் திரும்பி வந்து நம் பிளாட்பாரத்திலேயே உட்கார்ந்துகொண்டது. 2016ஆம் வருஷ ரயில்வே பட்ஜெட்டில் 'சகாயக்' என்று புதுப் பெயர் அறிவித்தார்கள். உதவியாளர் என்று அர்த்தம். எத்தனை பேர் அப்படிக் கூப்பிடுகிறார்கள்?

மறுபடி எழும்பூரில் இறங்கியபோது, எந்த வார்த்தையும் வாயில் வராமல் கையை மட்டும் ஆட்டிக்கொண்டு நின்றேன்.