இரண்டாம் வாசல்: அமெரிக்க மருத்துவத்துக்குள் தாமதமாக வருபவர்களின் வரலாறு

நம் ஊரில் பிளஸ் ஒன் சேரும்போது உயிரியல் பிரிவை எடுக்காதவருக்கு 2023 வரை மருத்துவம் ஏறக்குறைய அன்றோடு முடிந்துவிட்டது. அமெரிக்காவில் மருத்துவப் படிப்பு பட்டம் பெற்ற பிறகே தொடங்குவதால், இசையோ சட்டமோ படித்து, முப்பது வயதுவரை வேறு வேலை பார்த்தவரும் மனம் மாறி வரலாம். வேதியியல், கரிம வேதியியல், உயிரியல், இயற்பியல் ஆகியவற்றை ஆய்வகத்தோடு ஓரிரு ஆண்டுகளில் முடிக்க அவருக்கென்றே நடக்கும் படிப்பை அங்கே 'போஸ்ட்-பேக்' என்கிறார்கள். அதில் எதைத் தேர்ந்தெடுப்பது என்ற கேள்வி பெரும்பாலும் கட்டணம், புகழ், மருத்துவப் பள்ளிச் சேர்க்கை விகிதம் என்ற கணக்குகளுக்குள் சிக்கிக்கொள்கிறது. இந்தப் படிப்பு ஏன் தோன்றியது என்பதை அறிந்தவர் வேறு விதமாகத் தேர்ந்தெடுப்பார் என்பது என் வாதம். பாடங்களை எந்த நல்ல கல்லூரியும் தரும். மருத்துவப் பள்ளிகள் முன்பின் அறியாத ஒருவரை நம்புவதற்கான வழியைத்தான் போஸ்ட்-பேக் உருவாக்கியது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்க மருத்துவப் பள்ளிகள் பலவற்றுக்கு மாணவரின் கட்டணமே போதும், முன்படிப்பு வேண்டியதில்லை. 1893இல் பால்டிமோரில் திறந்த ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவப் பள்ளி அதை மாற்றியது. பள்ளியைத் தொடங்கப் பணம் போதாதபோது மேரி எலிசபெத் காரெட் என்ற செல்வந்தப் பெண்மணி 3 லட்சம் டாலருக்கு மேல் கொடுத்தார். பெண்களையும் ஆண்களுக்குச் சமமாகச் சேர்க்க வேண்டும், சேருபவர் எவரும் அறிவியல் அடிப்படையுள்ள பட்டதாரியாக இருக்க வேண்டும், பிரெஞ்சும் ஜெர்மனும் வாசிக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்பவை அவர் நிபந்தனைகள். அவருடன் நின்று நிதி திரட்டிய தோழிகளில் ஒருவர், பின்னாளில் பிரின் மார் பெண்கள் கல்லூரியின் தலைவரான எம். கேரி தாமஸ். இந்த விதிகளின்படி நாம் மாணவராகச் சேர்ந்திருக்கவே முடியாது, பேராசிரியராக நுழைந்தது நம் அதிர்ஷ்டம் என்று அங்கே பேராசிரியராக இருந்த வில்லியம் ஆஸ்லர் தன் சகா வெல்ச்சிடம் சொன்னதாகக் கூறுவார்கள். அந்தப் பேச்சு பொருள் பொதிந்தது. விதிகள் உயர்ந்த நாளிலேயே, தகுதியுள்ள சிலர் வெளியே நிற்க நேரும் என்பது தெரிந்திருந்தது.

1910இல் கார்னெகி அறக்கட்டளைக்காக ஆபிரகாம் பிளெக்ஸ்னர் எழுதிய அறிக்கை இந்த ஹாப்கின்ஸ் மாதிரியை நாடு முழுவதற்குமான அளவுகோலாக்கியது. அமெரிக்காவிலும் கனடாவிலும் 155 மருத்துவப் பள்ளிகளை அவர் ஆராய்ந்தார். இரண்டாண்டுக் கல்லூரிப் படிப்பையாவது கேட்டவை அவற்றில் 16 மட்டுமே. ஆய்வகமே இல்லாத பள்ளிகள் மூடப்பட்டது நோயாளிகளுக்கு நன்மை, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் கறுப்பின மாணவர்களுக்கென இருந்த ஏழு பள்ளிகளில் ஹோவர்டு, மெஹாரி இரண்டையே தக்கவைக்கலாம் என்று அவர் எழுதினார். மற்ற ஐந்தும் 1923க்குள் மறைந்தன. நீண்ட முன்படிப்புக்குப் பணமும் காலமும் இல்லாத ஏழைகளும் வெளியே நின்றார்கள். பிளெக்ஸ்னர் மருத்துவர் அல்லர், செவ்வியல் மொழிகளைப் படித்துப் பள்ளிக்கூடம் நடத்தியவர் என்பதையும் இங்கே நினைக்க வேண்டும். அவரைப் போன்ற ஒருவர் இன்று மருத்துவராக நினைத்தால் போஸ்ட்-பேக்கில்தான் தொடங்க வேண்டியிருக்கும்.

வெளியே நின்றவர்களுக்கு முறையான வழி பிறக்க ஏறத்தாழ அரை நூற்றாண்டு பிடித்தது. 1944இன் படைவீரர் சட்டம் போரிலிருந்து திரும்பியவர்களைக் கல்லூரிக்குக் கொண்டுவந்தது. கொலம்பியா பல்கலைக்கழகம் வயதுவந்த மாணவர்களுக்காக 1947இல் ஸ்கூல் ஆஃப் ஜெனரல் ஸ்டடீஸை அமைத்தது. அதில் 1955இல் உருவானதுதான் இவ்வகையில் மிகப் பழைய போஸ்ட்-பேக். 1972இல் பிரின் மார் தன் படிப்பைத் தொடங்கியது. ஆண்களுக்கும் இடம் கொடுத்தது. கல்வியில் பாலினப் பாகுபாட்டைத் தடைசெய்த டைட்டில் நைன் சட்டம் வந்ததும் அதே ஆண்டில்தான். அதற்கு முன் மருத்துவப் பள்ளிகளில் சேர்ந்தவர்களில் பெண்கள் பத்தில் ஒருவர் அளவே. 'இது உனக்கான துறை அல்ல' என்று இளமையில் திருப்பிவிடப்பட்டவர்கள் பின்னர் திரும்பி வர ஒரு வழி வேண்டும் அல்லவா? கேரி தாமஸ் ஹாப்கின்ஸில் எழுப்ப உதவிய மதிலில், அவர் தலைமை தாங்கிய கல்லூரியே பல தலைமுறைகள் கழித்து ஒரு வாசலைத் திறந்தது. இரண்டையும் நான் முரணாகப் பார்க்கவில்லை. தரம் வேண்டும், அதை எட்டும் வயதை யாரும் முன்கூட்டி நிர்ணயிக்கக் கூடாது.

போஸ்ட்-பேக் தரும் இந்த அறிவியல் பாடங்களே தேவையா என்று கேட்பவர்கள் உண்டு. நியூயார்க்கின் மவுண்ட் சினாய் மருத்துவப் பள்ளி 1987இல் கலைத்துறை மாணவர்களை, கரிம வேதியியலும் இயற்பியலும் வழக்கமான முறையில் படிக்காமலே, நுழைவுத்தேர்வும் இல்லாமல் சேர்க்கத் தொடங்கியது. அவர்கள் மற்றவர்களுக்கு ஈடாகப் படித்தார்கள் என்று 2010இல் வெளியான ஆய்வு காட்டியது. இது வலுவான சான்று. ஆனால் அவர்கள் கல்லூரியின் இரண்டாம் ஆண்டிலேயே கவனமாகப் பொறுக்கி எடுக்கப்பட்டவர்கள். உயிரியலும் பொது வேதியியலும் படித்தவர்கள். பாடங்கள் அறவே வேண்டாம் என்பதற்கு இது ஆதாரம் ஆகாது. பள்ளி முன்பே ஒருவரை நம்பிவிட்டால் பாடப்பட்டியலைக் குறைக்கலாம் என்றே இது சொல்கிறது.

ஆகவே போஸ்ட்-பேக்கைத் தேடுபவர் முதலில் கேட்க வேண்டியது, அந்த நிறுவனம் தனக்காக யாரிடம் பேசும் என்பதே. ஆசிரியர் குழு சேர்ந்து எழுதும் பரிந்துரைக் கடிதம் உண்டா, தன் மாணவரை முன்கூட்டியே பரிசீலித்துச் சேர்த்துக்கொள்ளும் 'லிங்கேஜ்' ஒப்பந்தம் எந்தெந்த மருத்துவப் பள்ளிகளுடன் இருக்கிறது, அதற்கு என்ன மதிப்பெண் கேட்கிறார்கள்? லிங்கேஜ் கிடைத்தால் படிப்பு முடிந்ததும் காத்திருக்கும் ஓராண்டு மிச்சமாகும். நாற்பதை நெருங்குபவருக்கு அது பெரிய லாபம். சேர்க்கை விகிதத்தை மட்டும் நம்பி ஏமாறக் கூடாது. பிரின் மார் போன்ற சிறிய படிப்புகள் வாசலிலேயே வடிகட்டுகின்றன. விகிதம் உயர்வதில் அதற்கும் பங்குண்டு. இதெல்லாம் பணமுள்ளவருக்குத்தானே என்ற குற்றச்சாட்டு உண்மையானது. பட்டம் தராத படிப்பு என்பதால் அரசுக் கடனும் குறைவாகவே கிடைக்கிறது. வேலையை விட முடியாதவர் ஹார்வர்டு எக்ஸ்டென்ஷன் போன்ற மாலை வகுப்புகளிலோ அருகிலுள்ள அரசுப் பல்கலைக்கழகத்திலோ அதே வேதியியலைக் குறைந்த செலவில் கற்கலாம். அங்கே குழுக் கடிதம் கிடைக்காவிட்டால், அது தரும் நம்பிக்கையை அவரே திரட்ட வேண்டும்: தன்னை நன்கு அறிந்த இரண்டு அறிவியல் ஆசிரியர்கள், மருத்துவமனையில் நோயாளிகளோடு கழித்த மாதங்கள், தளராத மதிப்பெண்கள். இந்த வழியில் காலம் கூடும், துணை குறையும். ஆனாலும் வீட்டை அடமானம் வைத்துப் புகழ்பெற்ற பெயரை வாங்குவதைவிட, பெரும்பாலானோருக்கு இதுவே பொருத்தம் என்று நினைக்கிறேன்.