படிக்கிற நேரம் யாருடைய நேரம்?

பிளஸ் டூ முடிச்சதும் நம்ம வீடுகளில் ஒரே கேள்விதான்: எந்த காலேஜ்? வேலை என்பது நாலு வருஷம் கழித்து வருகிற சமாச்சாரம். ஆனால் இங்கிலாந்தில் பதினெட்டு வயதுப் பிள்ளைகளுக்கு இன்னொரு வழியும் இருக்கிறது. ஒரு கம்பெனியின் சாப்ட்வேர் டீமில் வேலைக்குச் சேரலாம். மாதச் சம்பளம் உண்டு. அந்தக் கம்பெனியே வேலை நேரத்தில் பல்கலைக்கழகத்துக்கும் அனுப்பும். மூணு, நாலு வருஷத்தில் கையில் டிகிரியும் இருக்கும், அனுபவமும் இருக்கும். கல்விக் கட்டணம் என்று நீங்கள் ஒரு பைசா கட்ட வேண்டாம். இதற்குப் பெயர் டிகிரி அப்ரண்டிஸ்ஷிப்.

கேட்க ரொம்பப் புதுசாகத் தெரியுது, இல்லையா? இந்த எபிசோடில் இதன் பழைய கதையைப் பார்ப்போம். கதை முழுக்க ஒரு கேள்வி கூடவே வரும். வேலை செய்துகொண்டே படிக்கிற ஒருவர், அந்தப் படிப்புக்கான நேரத்தை எங்கிருந்து எடுக்கிறார்? முதலாளி தருகிறாரா, தன் தூக்கத்திலிருந்து எடுக்கிறாரா?

அப்ரண்டிஸ் என்ற ஏற்பாட்டுக்கு அங்கே வயது அதிகம். 1563-இல், முதலாம் எலிசபெத் ராணி காலத்தில் ஒரு சட்டம் வந்தது. ஒரு கைத்தொழிலைச் செய்ய வேண்டுமென்றால் அதில் 7 வருடம் பழகியிருக்க வேண்டும் என்றது. பையன் பெரும்பாலும் மாஸ்டர் வீட்டிலேயே தங்குவான். சாப்பாடு அவர் பொறுப்பு. பல தொழில்களில் பையனைச் சேர்த்துக்கொள்ள பெற்றோர்தான் மாஸ்டருக்குப் பணம் கட்டினார்கள். பையனுடைய நேரம் மொத்தமும் மாஸ்டருக்குச் சொந்தம். சுமார் 250 வருடம் கழித்து, 1814-இல், இந்தக் கட்டாயத்தை நீக்கினார்கள். அதன் பிறகும் பட்டறைகளிலும் ஆலைகளிலும் அப்ரண்டிஸ்கள் இருந்தார்கள். ஆனால் பல்கலைக்கழகம் வேறு உலகம். கையால் வேலை செய்கிறவர் ஒரு பக்கம், படித்தவர் இன்னொரு பக்கம்.

இந்த இரண்டு பக்கத்துக்கும் நடுவில் நடந்து போன ஒருவரைப் பற்றித்தான் இன்றைக்கு முக்கியமாகப் பேசப்போகிறோம். அவர் பெயர் டாமி ஃபிளவர்ஸ்.

1905-இல் கிழக்கு லண்டனின் பாப்லர் பகுதியில் பிறந்தவர். அப்பா கொத்தனார். வுலிச் என்ற இடத்தில் இருந்த அரசு ஆயுதத் தொழிற்சாலையில் மெக்கானிக்கல் அப்ரண்டிஸாகச் சேர்ந்தார். பகலில் அங்கே வேலை. சாயங்காலம் லண்டன் பல்கலைக்கழகத்தின் மாலை வகுப்புகள். இப்படியே எலக்ட்ரிகல் இன்ஜினியரிங் டிகிரி வாங்கினார். அப்ரண்டிஸ்ஷிப்பும் இருந்தது, டிகிரியும் இருந்தது. ஆனால் இரண்டையும் சேர்த்துத் தைத்தது அவரே. நூல் அவருடைய சாயங்காலங்கள்.

1926-இல் பிரிட்டிஷ் தபால் துறையில் சேர்ந்தார். அந்தக் காலத்தில் டெலிபோனும் தபால் துறையிடம்தான். டாலிஸ் ஹில்லில் இருந்த அதன் ஆராய்ச்சி நிலையத்தில், டெலிபோன் எக்ஸ்சேஞ்சுகளை எலக்ட்ரானிக் வால்வுகளால் இயக்க முடியுமா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு இரண்டாம் உலகப் போர். ஜெர்மன் ராணுவத் தலைமையின் ரகசியச் செய்திகளை உடைக்க பிளெட்ச்லி பார்க்கில் ஒரு பெரிய கூட்டமே உழைத்தது. அதற்கு ஒரு வேகமான மெஷின் தேவைப்பட்டது. ஃபிளவர்ஸ், ஆயிரத்துக்கு மேல் வால்வுகள் வைத்து ஒன்றைக் கட்டலாம் என்றார். அங்கே பலர் நம்பவில்லை. வால்வு அடிக்கடி எரிந்துபோகும் சாமான், அத்தனை வால்வுகள் ஒன்றாக எப்படி ஓடும் என்பது அவர்கள் சந்தேகம். நியாயமான சந்தேகம்தான். ஆனால் டெலிபோன் வேலையில் ஃபிளவர்ஸ் ஒன்றைக் கவனித்திருந்தார். வால்வை அணைத்து அணைத்துப் போட்டால்தான் பழுதாகும். எப்போதும் எரிய விட்டால் ரொம்ப நாள் உழைக்கும். வேலை பார்த்த இடத்தில் கற்றுக்கொண்ட விஷயம் இது.

டாலிஸ் ஹில்லுக்குத் திரும்பி, தன் சொந்தப் பணத்தையும் போட்டு, தன் குழுவோடு மெஷினைக் கட்டினார். 1943 டிசம்பரில் அது ஓடியது. பெயர் கொலாசஸ். சுமார் 1,600 வால்வுகள். காகித நாடாவிலிருந்து ஒரு நொடிக்கு 5,000 எழுத்துகளைப் படித்தது. உலகின் முதல் பெரிய எலக்ட்ரானிக் கம்ப்யூட்டர்களில் ஒன்று. அதைக் கட்டியவர், மாலை வகுப்பில் படித்த ஒரு பழைய அப்ரண்டிஸ்.

போர் முடிந்ததும் என்ன ஆச்சு தெரியுமா? ஆவணங்களை அழிக்கச் சொல்லி உத்தரவு. டாலிஸ் ஹில்லின் உலையில் அவரே எரித்தார். அரசு கொடுத்த 1,000 பவுண்ட், அவர் போட்ட சொந்தப் பணத்துக்கே காணவில்லை. பிறகு இன்னொரு மெஷின் கட்ட பேங்க் ஆஃப் இங்கிலாந்திடம் கடன் கேட்டார். இப்படி ஒரு மெஷின் ஓடவே ஓடாது என்று மறுத்துவிட்டார்கள். "ஏற்கெனவே கட்டிட்டேன்" என்று அவரால் சொல்ல முடியாது. ரகசியச் சட்டம். 1970-களில்தான் விஷயம் வெளியே வர ஆரம்பித்தது.

போருக்குப் பிறகு, வாரத்தில் ஒரு நாள் அப்ரண்டிஸ்களைத் தொழில்நுட்பக் கல்லூரிக்கு அனுப்பும் வழக்கம் பிரிட்டனில் பரவியது. அதை டே ரிலீஸ் என்பார்கள். சாயங்காலத்தில் கிடந்த படிப்பு கொஞ்சம் பகலுக்கு நகர்ந்தது. ஆனால் டிகிரி பெரும்பாலும் முழுநேரக் கல்லூரி மாணவர்களுக்குத்தான்.

2012-இல் இங்கிலாந்துப் பல்கலைக்கழகக் கட்டணம் வருடத்துக்கு 9,000 பவுண்ட் வரை போனது. கடன் இல்லாமல் டிகிரி என்றால் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். 2015-இல் டிகிரி அப்ரண்டிஸ்ஷிப் தொடங்கியது. முதலில் வந்த துறைகளில் ஒன்று சாப்ட்வேர். முதலில் சேர்ந்த கம்பெனிகளில் ஒன்று பிடி. அதாவது, ஃபிளவர்ஸ் வேலை பார்த்த அதே தபால் துறையின் டெலிபோன் பிரிவிலிருந்து வந்த கம்பெனி!

2017 முதல் பெரிய கம்பெனிகள் இதற்கு ஒரு வரியும் கட்டுகின்றன. ஆண்டுச் சம்பளச் செலவு 30 லட்சம் பவுண்டைத் தாண்டினால், தாண்டிய தொகையில் 0.5 சதவீதம். நம் கேள்விக்கு முக்கியமான விதி வேறு: வேலை நேரத்தில் 20 சதவீதம் பயிற்சிக்கு என்று ஆரம்பத்தில் வைத்தார்கள். 2022-இல் அதை முழுநேர ஊழியருக்கு வாரம் குறைந்தது 6 மணி நேரம் என்று மாற்றினார்கள். படிப்பும் வேலையில் சேர்த்தி என்று விதியே சொல்லிவிட்டது.

அதற்காக வாழ்க்கை ஜாலி என்று நினைக்காதீங்க. கோடை விடுமுறை கிடையாது. மற்ற ஊழியர்களைப் போல எண்ணி எடுக்கிற லீவுதான். ரிலீஸ் தேதியும் பரீட்சையும் ஒரே வாரத்தில் வந்து நிற்கும். பயிற்சிக்குக் கிடைக்கிற நேரத்தில் அசைன்மெண்ட் முடியாது, சனி ஞாயிறு போகும். நண்பர்களின் ஹாஸ்டல் போட்டோக்கள் வயிற்றெரிச்சலைக் கிளப்பும். ஆனால் திங்கட்கிழமை வகுப்பில் கேட்ட டேட்டாபேஸ் பாடம் புதன்கிழமை ஆபீஸில் நிஜமான பிரச்சினையாக வந்து உட்காரும்போது, அது மறக்கவே மறக்காது. ஃபிளவர்ஸுக்கு வால்வு புரிந்த மாதிரி.

நம்ம ஊரிலும் இந்த யோசனை இருக்கிறது. 1961-இலேயே தொழில் பழகுநர் சட்டம் வந்தது. விப்ரோவும் பிட்ஸ் பிலானியும் சேர்ந்து, பிஎஸ்சி, பிசிஏ முடித்து வேலைக்கு வந்தவர்களை மேற்படிப்பு படிக்க வைக்கும் திட்டத்தை வெகு காலமாக நடத்துகின்றன. பிளஸ் டூ முடித்தவர்களுக்கு ஹெச்சிஎல் நடத்தும் டெக்பீ இருக்கிறது. படிப்போடு அப்ரண்டிஸ்ஷிப்பைச் சேர்க்க 2020-இல் யுஜிசியும் வழிகாட்டுதல் கொடுத்தது.

இதில் சேர யோசிக்கிறீங்களா? நல்லது. சம்பளம் எவ்வளவு, டிகிரி யார் தருகிறார்கள் என்று கேட்பீங்க. பாண்ட் எத்தனை வருஷம் என்றும் கேளுங்க. கூடவே இன்னொன்று: வகுப்பு எந்தக் கிழமை? ஆபீஸ் நாளிலா, உங்கள் லீவு நாளிலா? பதில் சனிக்கிழமை என்றால், அந்தப் படிப்புக்கு நீங்களும் விலை கொடுக்கிறீங்க. கொடுக்கலாம், தப்பில்லை. தெரிந்து கொடுங்க.

கடைசியாக ஒரு விஷயம். 1993-இல், 87 வயதில், டாமி ஃபிளவர்ஸ் லண்டனில் ஒரு கல்லூரியில் கம்ப்யூட்டர் அடிப்படைப் பாடம் முடித்துச் சான்றிதழ் வாங்கினார். கொலாசஸைக் கட்டிய மனிதர்! அடுத்த எபிசோடில் சந்திப்போம்.