நிறமும் தெளிவும்

இயற்கையை நிழற்படத்தில் பதிவு செய்வோரை இரு வினாக்கள் இடையறாது தொடர்ந்து வந்துள்ளன. அருகிலுள்ள புல்லும் தொலைவிலுள்ள மலையும் ஒருங்கே தெளிவாதல் எங்ஙனம்? கண் கண்ட நிறத்தை மிகையின்றிக் காட்டுதல் எங்ஙனம்?

முதல் வினாவுக்கு விடை கமராவின் துவாரத்தில் உள்ளது. ஒளி புகும் துவாரம் சுருங்கச் சுருங்கத் தெளிவின் ஆழம் பெருகும். 1932ஆம் ஆண்டில் சான்பிரான்சிஸ்கோ வட்டாரத்தில் அன்சல் அடம்ஸ், எட்வேட் வெஸ்டன் முதலியோர் கூடி அமைத்த குழு, மிகச் சிறிய துவார அளவொன்றையே தன் பெயராக்கி, 'எவ் 64' என வழங்கிற்று. ஓவியம்போல மங்கலாகப் படம்பிடிக்கும் அந்நாள் வழக்கை அவர்கள் மறுத்தனர். ஆயின், இத்தெளிவு விலையின்றிக் கிடைப்பதன்று. துவாரம் சிறுத்தால் ஒளி குறையும்; ஒளி குறைந்தால் கமரா நெடுநேரம் திறந்திருத்தல் வேண்டும்; அதற்குள் காற்றில் ஓர் இலை அசையினும் படம் கலங்கும்.

இரண்டாம் வினாவில் முன்னின்றவர் எலியட் போட்டர். மருத்துவம் பயின்று ஹாவட் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்த அவர், அப்பணியை விடுத்துக் கமராவை ஏந்தினார். கறுப்பு வெள்ளைப் படத்தில் பறவைகளை இனம் பிரித்தறிதல் அரிது என்பதே அவரை நிறப்படத்தின்பாற் செலுத்திற்று. காட்சியின் நிறங்களை மூன்றாகப் பிரித்து, அவற்றுக்குரிய மூன்று சாயங்களைத் தாளில் ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றும் முறையை அவர் கையாண்டார். ஒவ்வொரு சாயத்தின் செறிவையும் தனித்தனியே கூட்டவும் குறைக்கவும் அம்முறை இடந்தந்தது. அவ்வுரிமையே ஐயத்துக்கும் வித்தாயிற்று. படத்திலுள்ள நிறம் பாறையினதா, சாயத்தினதா?

கொலராடோ ஆற்றின் கிளென் பள்ளத்தாக்கை அவர் எடுத்த படங்கள், 'எவரும் அறியாத இடம்' என்னும் பொருள்படும் தலைப்பில் 1963இல் நூலாயின. கடும் வெயில் நிறத்தை வெளிறச் செய்யும். நிழலிலோ, எதிர்ச்சுவரிற் பட்டுத் தெறித்த செவ்வொளியும் வானத்தின் நீலமும் ஈரப் பாறையில் ஒருங்கே தங்கும். அந்நிழலொளியைப் போட்டர் பொறுமையுடன் நாடினார்.

அதே ஆண்டு மார்ச் மாதத்தில் கிளென் அணை நீரைத் தேக்கத் தொடங்கியது. பள்ளத்தாக்கின் பெரும்பகுதி காலப்போக்கில் நீருள் மூழ்கிற்று. 2022ஆம் ஆண்டளவில் நீண்ட வறட்சியால் நீர்மட்டம் தாழ்ந்து, சில சுவர்கள் மீண்டும் வெளிப்பட்டன. அவற்றின்மீது நீர் விட்டுச்சென்ற வெண்படிவு படர்ந்திருந்தது. மூழ்குமுன் அப்பாறை கொண்டிருந்த நிறத்துக்குச் சான்றாக எஞ்சியவற்றுள் அப்படங்களும் அடங்கும். சாயத்தை அளந்திட்ட கையின் நேர்மை எத்துணை இன்றியமையாதது என்பது அங்கே விளங்கும்.