எலும்பைக் கரைக்க ஆள் அனுப்புறது யாரு?

அம்மாவுக்கு ஆறு மாசத்துக்கு ஒரு எலும்பு ஊசி. "நல்லாத்தானே இருக்கேன், அடுத்தது வேணாம்டா"ன்னாங்க. என்ன மருந்துன்னு தோண்டினேன். அதான் இந்தப் பதிவு.

எலும்பைக் கரைக்கிற செல்லுக்கு ஆஸ்டியோகிளாஸ்ட்னு பேரு. ரத்தச் செல்களோட வம்சம். எலும்பு கட்டற செல்தான் இதை ஏவி விடுதுன்னு 1981ல ரோடனும் மார்ட்டினும் ஊகம் சொன்னாங்க. கொத்தனாரே இடிக்க ஆள் கூப்பிடற கதை!

1988ல ஜப்பான்ல டகஹாஷி, சூடா குழு எலியோட மண்ணீரல் செல்லையும் எலும்பு கட்டற செல்லையும் ஒரே தட்டுல, வைட்டமின் டி ஹார்மோன் விட்டு வளர்த்தாங்க. கரைக்கிற செல் உருவாச்சு. நடுவுல ஒரு வடிகட்டிச் சவ்வு வெச்சா? ஒண்ணுமே வரலை. ஒண்ணையொண்ணு தொட்டாத்தான் வேலை நடக்குது! (எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் இதுதான்.) மஜ்ஜையில இருக்கிற தாங்கு செல்லுக்கும் இதே வித்தை தெரியும்னு 1989ல உடகாவா காட்டினார்.

தொடும்போது கைமாறுறது என்னன்னு தெரிய 1998 ஆயிடுச்சு. அமெரிக்காவோட ஆம்ஜென், ஜப்பானோட ஸ்னோ பிராண்ட், ரெண்டும் தனித்தனியா கண்டுபிடிச்சுது. ஸ்னோ பிராண்ட் பால், வெண்ணெய் கம்பெனிங்க! தாங்கு செல் மேல ஒட்டியிருக்கிற ஒரு புரதம் அது. ஆளாளுக்கு வெச்சதுல நாலு பேரு. கடைசியில நிலைச்சது ரேங்க்-எல்.

அதைப் பிடிச்சுக் கட்டிப்போடற மருந்துதான் டெனோசுமாப். 2010ல அமெரிக்காவில அனுமதி கிடைச்சுது. ஆனா புரதம் கட்டுண்டுதான் கிடக்கு, சாகலை. ஊசியைச் சட்டுனு நிறுத்தினா கரைப்பு முன்னைவிட வேகமாகி, முதுகெலும்பே நொறுங்கலாமாம்.

அம்மாகிட்ட சவ்வுக் கதையைச் சொன்னேன். "சரி, டாக்டர்கிட்ட தேதி கேளு"ன்னாங்க.