எட்டுக்கால் கட்டுரையும் பூ சோங்லிங்கும்

சீன நாட்டில் மிங், சிங் அரச மரபுகளின் காலத்தில் அரசுப் பணித் தேர்வுக்கென எழுதப்பெற்ற கட்டுரையை எட்டுக்கால் கட்டுரை என வழங்கினர். கன்பூசிய நெறியின் நான்கு நூல்களிலிருந்து தலைப்பு வரும். அதன் பொருளை முதல் ஓரிரு தொடர்களில் உடைத்துக் காட்டிப் பின், சொல்லளவில் ஒன்றுக்கொன்று இணையாக நிற்கும் பகுதிகளால் கட்டுரையை நிரப்புதல் வேண்டும். மாணவன் தன் குரலிற் பேசலாகாது. பண்டைச் சான்றோரின் வாயாக நின்றே பேசுதல் முறை. யமகமும் திரிபும் அறிந்த நம் கவிஞர்க்கு இவ்விறுக்கம் எளிதில் விளங்கும். ஆனால் யமகம் வாராதார் வேறு யாப்பிற் பாடிப் புலவராகலாம். எட்டுக்கால் கட்டுரை கைவராதார்க்குப் பதவியின் வாயில் அடைபட்டது.

அவ்வாயிலில் தம் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்தவர் சாண்டோங் பகுதியைச் சார்ந்த பூ சோங்லிங் (1640–1715). 1658-இல் தொடக்கநிலைத் தேர்வுகள் மூன்றிலும் அவரே முதல்வர். வைகறையில் எழுதல் பற்றிய தலைப்புக்கு, பொழுது விடியுமுன்னரே பொருளையும் புகழையும் நாடி ஓடுவோரை முதலிற் சித்திரித்துவிட்டுப் பின்னரே தலைப்புக்கு வந்தார். கட்டுரை கதைபோல் நடந்தது. மதிப்பிட்ட ஷி ருன்சாங் தாமும் கவிஞராதலின் அதனைச் சுவைத்துப் பாராட்டினார். அடுத்த படியான மாநிலத் தேர்வில் அத்தகு சுவைஞர் வாய்க்கவில்லை. தோல்விமேல் தோல்வி. 1687-இல் எழுதும் வேகத்தில் தாளின் ஒரு பக்கத்தைத் தாண்டிவிட்டமையால் விதிமீறல் எனத் தள்ளப்பட்டார். இடையே, செல்வர் இல்லமொன்றில் ஏறத்தாழ முப்பதாண்டுகள் ஆசிரியராயிருந்து, தமக்குக் கைகொடாத அக்கட்டுரையையே பிறர் பிள்ளைகட்குப் பயிற்றினார்!

உள்ளக் குமுறலை அவர் கதைகளில் வடித்தார். கண்ணிழந்த துறவி ஒருவர், கட்டுரைகளை எரித்த சாம்பலை முகர்ந்தே தரம் காண்பதாக ஒரு கதை. அவருக்கு நறுமணமாய்த் தோன்றிய கட்டுரை தோற்கிறது. மூச்சுத் திணறவைத்தது வெல்கிறது. தமக்குக் கண் மட்டுமே குருடு, தேர்வாளர்க்கு மூக்கும் குருடு என்று துறவி நொந்துகொள்கிறார். பின்னர்த் தேர்வாளர்களின் கட்டுரைகளையே எரித்துக் காட்ட, ஒன்றில் அவருக்குக் குமட்டல் எடுக்கிறது. அதுவே வென்றவனைத் தேர்ந்தெடுத்தவரின் கட்டுரை. மற்றொரு கதையின் முடிவில், தேர்வுக்கூடத்துட் புகும் மாணவனை இரவலனுக்கும், வெளிப்படுபவனை நோயுற்ற கூட்டுப்பறவைக்கும், முடிவை எதிர்நோக்குபவனைக் கட்டுண்ட குரங்குக்கும் ஒப்பிடுகிறார். பட்டறிந்தவர்க்கே வாய்க்கும் உவமைகள் இவை.

எனினும் அவர் சினமெல்லாம் தேர்வாளர் மீதே சென்றது. தேர்வை அவர் வெறுத்தாரல்லர். ஐம்பதைக் கடந்த பின்னும் எழுதப் புறப்பட்டவரை, இனிப் போதும் எனத் தடுத்தவர் மனைவியார். இதனைப் பதிவு செய்தவரும் அவரே. ஏறக்குறைய ஐந்நூறு கதைகள் கொண்ட அவர்தம் நூல் 1766-இல்தான் அச்சேறியது. எட்டுக்கால் கட்டுரையை அரசாணை 1901-இல் நீக்கியது. தேர்வு முறையே 1905-இல் ஒழிந்தது.

1711-இல், எழுபதைக் கடந்த பின், மூப்பு நோக்கி அவருக்கு ஒரு சிறு பட்டம் அளிக்கப்பட்டது. 1713-இல் அவர் மகன் ஓவியர் ஒருவரைக்கொண்டு தந்தையின் உருவத்தைப் பட்டத்திற்குரிய உடையில் வரைவித்தார். அவ்வுடை தம் விருப்பன்று என்றும், பின்வரும் தலைமுறையினர் நகைப்பரோ என அஞ்சுவதாகவும் அப்படத்தின்மேல் பூ சோங்லிங் தம் கையாலேயே எழுதிவைத்தார்.