மருந்து என்றொரு சொல்

வயலுக்கு 'மருந்து' அடிக்கிறார்கள். கடன் முற்றிய வீட்டில் யாரோ அதே 'மருந்தை'க் குடித்துவிடுகிறார்கள். தமிழ் வாத்தியாரான எனக்கு, பூச்சிக்கொல்லிச் சட்டத்தின் கதையைத் தேடிப் போக இந்த ஒரு சொல்லே போதுமானதாக இருந்தது.

இந்தியாவில் அந்தச் சட்டத்துக்கான தூண்டுதல் வயலிலிருந்து வரவில்லை, அடுப்படியிலிருந்து வந்தது. 1958இல் கேரளத்தில் நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கப்பலில் பாரத்தியானோடு சேர்த்து ஏற்றிவந்த கோதுமை மாவில் நஞ்சு கலந்திருந்தது. (எங்கள் பாட்டிமார் 'பாலிடால்' என்றது இதைத்தான்.) விசாரணை நடந்தது. ஆனாலும் சட்டம் வர 1968 ஆயிற்று, நடைமுறைக்கு வர 1971.

பதிவும் உரிமமும் வந்தன. டப்பாவில் சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்று நிறம் வந்தது. அந்த நிறம், உடனே கொல்லும் வீரியத்தைத்தான் சொல்லும். இருபது வருடம் களை பறித்தவளின் உடம்புக்கு என்ன ஆகும் என்று சொல்லாது. கையுறையும் முகமூடியும்கூட விதிகளில் உண்டு. எங்கள் வீட்டில் கைத்தெளிப்பானைத் தோளில் மாட்டியவர் அப்பா. குடத்தில் தண்ணீர் சுமந்து கலக்கிக் கொடுத்தவள் அம்மா. அப்பாவின் சட்டையை வெறுங்கையால் துவைத்தவளும், மறுநாள் அதே வயலில் குனிந்தவளும் அவள்தான். டப்பாவிலிருந்த எழுத்து அவளுக்கு வாசிக்கத் தெரியாது.

காசர்கோட்டில் முந்திரித் தோட்டங்கள்மீது இருபது ஆண்டுகளுக்கு மேல் ஹெலிகாப்டரிலிருந்து எண்டோசல்ஃபான் தெளித்தார்கள். தோட்டம் அரசு நிறுவனத்துடையது. மருந்தும் முறையாகப் பதிவான மருந்து. சட்டம் இருந்த காலத்தில் நடந்தது இது. 1998இல் நீதிமன்றம் போனவர் வேளாண் துறையில் வேலை பார்த்த லீலாகுமாரி அம்மா. துறைக்கு உள்ளே இருந்துகொண்டே வழக்குப் போடுவது லேசான காரியமா என்ன? ஹெலிகாப்டர் நின்றது. நாடு முழுவதற்குமான தடையை உச்ச நீதிமன்றம் 2011 மே 13 அன்றுதான் விதித்தது.

அதற்குப் பிறகும், 2016இலும் 2019இலும், தாய்மார்கள் வளர்ந்த பிள்ளைகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு திருவனந்தபுரம் தலைமைச் செயலகத்தின் முன் வந்து உட்கார்ந்தார்கள். விடுபட்ட பிள்ளைகளின் பெயரை நிவாரணப் பட்டியலில் சேர்க்கச் சொல்லி.